உள்ளே இரும்பு வைத்த பை

பஸ்ஸில் ஏறும்போதே பையின் வாயை அகலத் திறந்து பிடித்துக்கொண்டுதான் ஏறுவார் அங்கமுத்து. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கண்டக்டருக்கும், டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும், ஜன்னலோரம் தூங்கி வழிபவருக்கும்கூட உள்ளே கிடப்பது தெரிந்தாக வேண்டும் அவருக்கு. ஒரு துண்டு, ஒரு வெற்றிலைப் பொட்டலம், அரை றாத்தல் பாண் ரொட்டி, அவ்வளவுதான். டார்ச் லைட் இருந்தால் அது பைக்குள் போகாது, கையில்தான் வரும். அதன் பேட்டரிகள் தனியே சட்டைப் பையில், துணி வழியாகத் தெரிகிற மாதிரி இருக்கும். ஓப்பநாயக்க வழியில் ஓடும் கண்டக்டர்களுக்கு இது பழகிப்போன கூத்து. "அந்த வாயை மூடப்பா, பாணுக்குள் ஈ போகிறது" என்று சிங்களத்தில் சீண்டுவான் ஒருவன். அங்கமுத்து சிரிப்பார். மூட மாட்டார்.

ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் குடியிருக்கிறார். வயது நாற்பத்தைந்து. ஆள் ஒல்லி, கெண்டைக்கால் மட்டும் யாரிடமோ இரவல் வாங்கியது போலத் தடித்திருக்கும். தோட்டத்தில் வேலைக்குப் பேர் விழுகிற நாட்களில் புல்லு வெட்டுவார், கவ்வாத்துக்குப் போவார். மற்ற நாட்களில் சுமை தூக்குவார். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் மலையேற வருகிறவர்களின் கூடாரம், படுக்கை, அரிசி, அடுப்பு எல்லாம் அவர் முதுகில் ஏறும். இரத்தினபுரிப் பக்கமிருந்து சிவனொளிபாத மலை ஏறி, மறுபக்கம் இறங்கி, காடும் புல்வெளியுமாக எட்டு நாள் பத்து நாள் நடப்பார்கள். அவர்களுக்கு அது உல்லாசம். "காசு குடுத்து கஷ்டப்படுறாங்க, பாவம்" என்பது அங்கமுத்துவின் அபிப்பிராயம்.

ஆட்களின் முகம் அவருக்கு ஞாபகத்தில் நிற்காது. பின்னாலேயே நடந்து பழகியவர் அல்லவா, முகத்தை எங்கே பார்ப்பது? பையைச் சொன்னால்தான் ஆளைத் தெரியும். "அந்த ஊதா பேக்கு தொரையா? தங்கமான மனுசன். பேக்கும் நல்ல பேக்கு. பாரம் பூரா இடுப்புல உக்காந்திருக்கும், தோளு சும்மா கூட வரும்" என்பார். ஒருவர் பையைக் கட்டியிருக்கிற லட்சணத்தைப் பார்த்தே, இவர் மூன்றாம் நாள் சண்டை பிடிப்பார், இவர் கடைசி வரை சிரித்துக்கொண்டே வருவார் என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அவர் முதுகில் மட்டும் இத்தனை வருஷமும் யூரியாச் சாக்குதான். இரண்டு மூலையிலும் கயிறு கட்டித் தோளில் மாட்டிக்கொள்வார். போன மார்ச் மாதம் சிவனொளிபாதத்திலிருந்து இறங்கும்போது, மழையில் ஊறிய ஒரு பாறையில் கால் வைத்தார். கால் சரியாகத்தான் ஊன்றியது. ஆடியது சாக்கு. இடப்பக்கம் ஆடிய சாக்கு ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு வேர் இல்லாதிருந்தால் இந்தச் சித்திரத்தில் எழுதுவதற்கு ஆளே இல்லை. வேரைப் பிடித்துத் தொங்கியபோது காலுக்குக் கீழே எங்கேயோ ஆழத்தில் ஓடைச் சத்தம் கேட்டதாம். அந்தச் சத்தம் இப்போதும் தூக்கத்தில் கேட்கிறது என்கிறார். கழுத்தில் கயிறு அறுத்த தழும்பு இருக்கிறது.

மலையேறிகளைக் கூட்டிப்போகிற இரத்தினபுரி ஸப்ரி அன்றைக்கே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இனி சாக்கு வாணாம், அங்கமுத்தண்ணே. ஜனவரியில பன்னெண்டு நாள் பயணம் ஒண்டு ஈக்கி. உள்ளுக்கு சட்டம் வெச்ச பெரிய பேக் ஒண்டு எடுத்துட்டு வாங்க. இல்லாட்டி நான் வேற ஆளத்தான் பாக்கணும். நீங்க உழுந்தா யாருக்கு பதில் சொல்ற?"

சொன்னது நியாயந்தான். ஆனால் இது 2007ஆம் ஆண்டின் கடைசி. போர் நடக்கிற நாட்டில் பை என்றாலே எல்லோருக்கும் குண்டுப் பயம். பஸ்ஸில் சொந்தக்காரர் இல்லாமல் ஒரு பொட்டலம் கிடந்தால் பஸ்ஸே காலியாகிவிடும். அதிலும் பெரிய பை, அதிலும் முதுகில், அதிலும் அடையாள அட்டையில் அங்கமுத்து என்று பெயர்! 

அங்கமுத்துவுக்குப் பயம் இன்னும் ஒரு மடங்கு அதிகம். பதினொரு வருஷத்துக்கு முன்னால், தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்காக மைக் செட் வயரையும் நாலு பேட்டரியையும் ஒரு துணிப் பையில் போட்டு, வாயைக் கட்டிக் கொண்டுவந்தார். வழியில் பொலிஸ்காரர்கள் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். பத்தொன்பது நாள் உள்ளே. தோட்டத்துப் பெரிய கிளாக்கர் கடிதத்தோடு போய் நின்ற பிறகுதான் வெளியே விட்டார்கள். அங்கே நடந்ததை அவர் யாரிடமும் சொல்வதில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் சொல்வார். "நான் போட்டது ரெண்டு வயருங்க. அவங்க எடுத்து மேசையில வச்சப்ப நாலு இருந்துச்சு. அந்த மத்த ரெண்டு எங்கிருந்து வந்துச்சுன்னு இன்னக்கி வரைக்கும் எனக்குத் தெரியாது." அவர்கள் போட்டார்களோ, இவர்தான் எண்ணத் தவறினாரோ, யாருக்குத் தெரியும்? அதுதான் அவரைத் தின்கிறது.

அந்தப் பத்தொன்பது நாளும் வாசலில் சோற்றுப் பொட்டலத்தோடு நின்றவர் ஜீவராணி, அவர் மனைவி. கொழுந்து பறிப்பவர். கூடைக் கயிறு நெற்றியில் பதித்த தடம் பொட்டுக்கு மேலே நிரந்தரமாக இருக்கிறது. ஸப்ரி சொன்ன பிறகும் அங்கமுத்து மாதக்கணக்கில் "பாக்கலாம், பாக்கலாம்" என்று நாளைக் கடத்தினார். ஜீவராணிதான் கடைசியில் பொறுக்க மாட்டாமல் கத்திவிட்டார். "எனக்கும் பயந்தாங்க. நீங்க போனா வாற வரைக்கும் எனக்கு சோறு எறங்காது. ஆனா சாக்கத் தூக்கிட்டு போனீங்கன்னா அடுத்த தடவ அங்க வேரு இருக்காது. வாங்க, நானும் வாறேன்." ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரத்தினபுரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் ஸம்சுதீனின் கடை பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கிறது. வெளிநாட்டார் பாவித்துக் கழித்த பைகளும் சப்பாத்துகளும் மழைக்கோட்டுகளும் கூரையிலிருந்து தொங்கும். முதலில் இறங்கியது பச்சை நிறத்தில் ஒரு பை. தைத்தவன் அங்கமுத்துவை நினைத்துத்தான் தைத்திருப்பான், அவ்வளவு பொருத்தம். மாட்டிய வேகத்திலேயே கழற்றினார். "ஆமிக் கலருங்க. வேணாம்." அடுத்தது கறுப்பு. "கறுப்பு இருட்டுல தெரியாது. ஒளிஞ்சு போறான்னு நெனப்பாங்க." மூன்றாவது நீலம். நிறம் பிடித்திருந்தது. ஆனால் பக்கத்தில், மேலே, கீழே, உள்ளே என்று ஒன்பது ஜிப். ஒன்றொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "ஒம்பதையும் தொறந்து காட்டணுமே. அஞ்சாவது ஜிப்புக்கு வாறப்ப கை நடுங்கும். நடுங்கினா போச்சு."

"உள்ள இருக்கிறது வெளிய தெரியிற மாதிரி ஏதும் இல்லீங்களா, நானா?" என்று கடைசியில் கேட்டேவிட்டார்.

"அப்ப நீங்க மீன் வலைதான் வாங்கணும், தம்பி" என்று சிரித்தார் ஸம்சுதீன். அங்கமுத்துவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, ஸ்டூலைப் போட்டு ஏறி, மூலையிலிருந்த இன்னொன்றை இறக்கினார்.

செம்மஞ்சள் நிறம். அரைக் கட்டை, அதாவது அரை மைல் தூரத்திலேயே கண்ணைக் குத்தும். ஜிப் மூன்றே மூன்று. அங்கமுத்துவின் முகம் முதன்முறையாகத் தெளிந்தது. ஸம்சுதீன் அளவு நாடாவை எடுத்து, கழுத்தில் எலும்பு புடைத்த இடத்திலிருந்து இடுப்பெலும்பு வரை வைத்து அளந்தார். பை எடுக்கிறதென்றால் ஆளின் உயரத்தைப் பார்க்கக் கூடாதாம், முதுகின் நீளத்தைத்தான் பார்க்க வேண்டுமாம். நாடா முதுகில் பட்டதும் அங்கமுத்து விறைத்துப்போனார். கடைசியாக அவரை அளந்தது பொலிஸ். சுவரோடு நிறுத்தி வைத்து அளந்தது. "மூச்ச உடுங்க, தம்பி. சட்ட தைக்க அளக்கிறன் எண்டு நெனச்சிக்கங்க" என்றார் ஸம்சுதீன் தணிவாக.

பாரம் பார்ப்பதற்காக அரிசிப் பொதிகளைப் பைக்குள் போடத் தொடங்கினார். அங்கேதான் ஜீவராணி வாயைத் திறந்தார். "நானா, அரிசிய அடியில போடாதீங்க. அடியில தொங்கினா பின்னால இழுக்கும். அடியில லேசானதப் போட்டு, கனமானத முதுகோட ஒட்டி நடுவுல வைங்க." இருபத்தைந்து வருஷம் முதுகில் கொழுந்து சுமந்தவர் பேச்சு. ஸம்சுதீன் மறு பேச்சில்லாமல் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மாற்றிப் போட்டார். இடுப்புப் பட்டியை இறுக்கியதும் ஜீவராணிதான். அங்கமுத்து தெருவில் அந்த முனை வரை போய்த் திரும்பி வந்தார். வரும்போது முகத்தில் ஒரு திகைப்பு.

"ராணி, தோள்ல ஒண்ணுமே இல்லடி" என்றார். கண் கலங்கியிருந்தது.

அந்தச் சந்தோஷம் வெற்றிலை போடுகிற நேரம்கூட நிற்கவில்லை. பையைக் கழற்றும்போது முதுகுப்புறத் துணியில் கை பட்டது. கெட்டியாக ஏதோ நீளமாக ஓடியது. "என்னா நானா இது?"

"அதுதானே சட்டம். உள்ளுக்கு ரெண்டு அலுமினியப் பட்ட ஈக்கி. அதுதான் பாரத்த இடுப்புக்கு எறக்குற."

துணிக்குள்ளே இரும்பு! அலுமினியமும் அவருக்கு இரும்புதான். அதுவும் வெளியே தெரியாமல் தைத்து மறைத்த இரும்பு. "தடவிப் பாப்பாங்க. தட்டுப்படும். கிழிப்பாங்க. கிழிச்சா இரும்பு வரும்" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார்.  மலையில் உயிரைக் காக்கிற சாமான் எதுவோ, அதுவே ரோட்டில் தலையை வாங்கும் போலிருக்கிறது. இதில் எதற்குப் பயப்படுவது, எதைத் தேர்ந்தெடுப்பது? மனுஷனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஸம்சுதீன், அழுத்தினால் ஒட்டுகிற ஒட்டுத் துணியைப் பிரித்து இரண்டு பட்டைகளையும் உருவிக் காட்டினார். ஒரு முழத்துக்கும் மேல் நீளம், முதுகின் வாகுக்கு லேசாக வளைந்தவை. "பாருங்க, எடுக்கவும் ஏலும், போடவும் ஏலும்." அங்கமுத்துவின் மூளை வேலை செய்தது அந்த இடத்தில்தான். பட்டைகளைத் திரும்பப் போடவே விடவில்லை. பைக்குக் காசைக் கொடுத்துவிட்டு, அவற்றைத் தனியே கையில் எடுத்துக்கொண்டார். எல்லோருக்கும் தெரியும்படி வெளியிலேயே கொண்டுபோய்விட்டால் மறைத்தான் என்று யார் சொல்ல முடியும்?

"என்னங்க, பேக்குக்குள்ள இருந்தா அது பேக்கு. கையில இருந்தா என்னான்னு கேப்பாங்களே" என்றார் ஜீவராணி. கேட்கிற ஆளா? நம்ம ஆள் பயத்தில் எடுக்கிற முடிவுக்கு அப்பீலே கிடையாது.

இரத்தினபுரியைத் தாண்டி, பெல்மதுளைக்கு முன்னால் இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கி, சாமான்களோடு வரிசையாக நடக்க வேண்டும். அங்கமுத்து நடந்தார். ஒரு கையில் வாயைப் பிளந்த வெறும் பை, சட்டமில்லாமல் தொய்ந்து தரையைத் தொட்டது. மறு கையில் இரண்டு பட்டைகள், தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி. பக்கத்துப் பெண்கள் வரிசையில் நின்ற ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். பட்டைகளைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

"மொனவத மே?" என்றான் ஆமிக்காரன். என்ன இது என்று கேட்கிறான். இருபத்திரண்டு வயது இருக்கலாம்.

அங்கமுத்துவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. தோட்டத்துக்கு வெளியே பாதி நாள் அதில்தான் பிழைப்பு. அந்த நேரம் பார்த்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "பையின் எலும்பு, சேர்" என்று மட்டும் எப்படியோ வந்தது. ஆமிக்காரன் அடையாள அட்டையை வாங்கிப் பெயரை இரண்டு தரம் வாய்விட்டு வாசித்தான். "பையின் எலும்பு என்றால் ஏன் வெளியே இருக்கிறது? போட்டுக் காட்டு."

போட்டுக் காட்டத் தெரியவில்லை! கடையில் உருவியதைப் பார்த்தாரே தவிரச் செருகியதைப் பார்க்கவில்லை, செருகத்தான் விடவில்லையே. ஒன்றைத் தலைகீழாக நுழைத்தார். மற்றது துணியில் சிக்கிக்கொண்டு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. வேர்வை கண்ணுக்குள் வழிந்தது. தள்ளி நின்ற இன்னொரு ஆமிக்காரன் துவக்கின் குழலை நேராக்கிப் பிடித்தான். வரிசை அப்படியே நின்றுவிட்டது. அங்கமுத்துவின் உதடுகள் அசைந்தன. "பத்தொம்பது நாளு, பத்தொம்பது நாளு" என்று அவர் முனகுவது பெண்கள் வரிசையில் நின்ற ஜீவராணிக்குக் கேட்டது.

ஜீவராணி வரிசையை விட்டு வந்தார்.   "கொஞ்சம் பொறுங்க, சேர்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுக் குந்தி உட்கார்ந்து, பட்டைகளைத் திருப்பி, வளைவு முதுகோடு சேரும்படி செருகி, ஒட்டுத் துணியை உள்ளங்கையால் அழுத்தினார். பை நிமிர்ந்து நின்றது. "மலையில் சுமை தூக்குகிறவர், சேர். சாக்கில் தூக்கிப் போய் விழுந்துவிட்டார். அதற்குத்தான் இது" என்றார்.

ஆமிக்காரன் பையைத் தூக்கினான், தட்டினான், மோந்து பார்த்தான். பிறகு யாரும் நினையாத ஒரு காரியம் செய்தான். துவக்கைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டுப் பையைத் தன் முதுகில் மாட்டினான். இடுப்புப் பட்டியைப் பூட்டி, இரண்டு குதி குதித்தான். "ஹரி ஷோக்!" என்றான், பிரமாதம் என்று அர்த்தம். முகமெல்லாம் சிரிப்பு. அவர்களும் சுமக்கிறவர்கள்தானே, முதுகு அறிந்திருக்கிறது. மண்மூட்டை அடுக்கிய காவலறைக்குள் மற்றவர்களிடம் காட்டுவதற்காக அப்படியே போய்விட்டான். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

சிரிப்பு அங்கமுத்துவின் காதில் ஏறவில்லை. பை கண்ணில் இல்லை. அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்தது. "ராணி, பேக்கு உள்ள போயிருச்சு" என்றார்.

"வரும். கம்முனு நில்லுங்க."

"உள்ள என்னத்தப் போடுறாங்களோ, ராணி."

 ஐந்து நிமிஷம் இருக்கும். ஆமிக்காரன் வெளியே வந்தான், பையைக் கழற்றி நீட்டினான், அடையாள அட்டையையும் கொடுத்தான். "நல்ல பை, அண்ணே. கவனமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று போகச் சொல்லிக் கையைக் காட்டினான். அவ்வளவுதான். ஒரு பொல்லாப்பும் இல்லை. பஸ்ஸில் யாரோ பாவம் பார்த்து எழுந்து இடம்கூடக் கொடுத்தார்கள்.

உட்கார்ந்ததும் மூன்று ஜிப்பையும் திறந்தார். உள்பக்கத்தை வெளியே புரட்டினார். தையலோரமாக விரலை ஓட்டினார். பட்டைகளை மறுபடி உருவி, அவை இருந்த இடத்துக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பட்டை இரண்டுதானா என்று எண்ணினார். பெல்மதுளை வரைக்கும் ஒரு தரம். ஓப்பநாயக்க வருவதற்குள் இன்னும் மூன்று தரம்.

"ஒண்ணுமில்லீங்க. அந்தப் பையன் ஆசைக்கு மாட்டிப் பாத்தான்."

"தெரியும்" என்றார் அங்கமுத்து. மறுபடியும் முதல் ஜிப்பிலிருந்து ஆரம்பித்தார்.

ஓப்பநாயக்கவில் இறங்கி அரிசியும் தேங்காயும் மாவும் வாங்கினார்கள். ஜீவராணி கனமானதை நடுவில் வைத்துப் பையை ஒழுங்காக அடுக்கினார். தேயிலைக்கு நடுவே வெட்டிய படியில் ஒன்றரைக் கட்டை ஏற வேண்டும். "மாட்டுங்க, இப்பயாவது நல்லா நடந்து பாருங்க" என்றார்.

அங்கமுத்து பையைத் தூக்கினார். பட்டிகளுக்குள் கையை விட்டார். முதுகில் அல்ல, முன்பக்கம், நெஞ்சோடு. முதுகுக்கென்று வளைத்த பட்டைகள் வயிற்றில் போய்க் குத்தின.

"என்னங்க இது! முதுகுக்குச் செஞ்சத வயித்துல மாட்டுறீங்க?"

"முதுகுல இருந்தா எனக்குத் தெரியாதே, ராணி. எவன் என்னத்தப் போட்டாலும் தெரியாதே."

"இங்க யாரு இருக்கா? நான்தானே பின்னால வாறேன். பன்னெண்டு நாளும் இப்புடியேவா நடக்கப் போறீங்க?"

அவர் யோசித்தார். கழற்றுவதற்காக ஒரு கையைக்கூட எடுத்தார். பிறகு அந்தக் கையையும் கொண்டுவந்து பையைச் சுற்றிப் போட்டு இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டார். பை மோவாய் வரைக்கும் வந்தது. தன் பாதம் அவருக்குத் தெரியவில்லை. வலது காலைத் தூக்கி, படி எங்கே என்று காற்றில் துழாவினார்.

 ஜீவராணி அவரைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனார். இரண்டு படி ஏறித் திரும்பி நின்று, குனிந்து, அவர் பாதத்தைக் கையால் பிடித்துப் படியில் வைத்தார்.